மீட்டரின் மேல் ஒரு கைக்குட்டை

என் கைப்பேசி பொய் சொல்கிறது. நாற்பது சதவீதம் இருப்பதாகக் காட்டிவிட்டு, படம் எடுக்கலாம் என்று கேமராவைத் திறந்தவுடன் அணைந்து போகிறது. சற்று நேரம் கழித்து உயிர் கொடுத்தால், கொஞ்சமும் வெட்கமில்லாமல் அதே நாற்பதைக் காட்டுகிறது. பாண்டி பஜாரில் பழுது பார்க்கிறவர், "பேட்டரி போயிடுச்சும்மா, உங்களுக்குப் புரியாது, மாத்திடுங்க" என்றார். பேட்டரிகளோடு குடித்தனம் நடத்தியவளிடம் அவர் சொல்கிறார் என்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பவர் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் எங்கள் பழைய எக்ஸ்சேஞ்சிலிருந்து ஜூனியர்கள் கூப்பிட்டார்கள். எங்கள் ஈய பேட்டரிகளைக் கழற்றி எடைக்குப் போடுகிறார்களாம், அந்த இடத்தில் லித்தியம் வைத்த பீரோ ஒன்று வந்திருக்கிறதாம், கடைசியாக ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். போனேன். புது பீரோ அழகாகத்தான் இருந்தது. ஆசிட் நாற்றம் இல்லை, தண்ணீர் ஊற்ற வேண்டாம், எல்லாக் கணக்கையும் திரையிலேயே காட்டுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கிளம்பும்போதுதான் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், அந்தப் பெரிய வெள்ளத்துல கரண்டே இல்லாம நம்ம எக்ஸ்சேஞ்சை ஓட்டினீங்களாமே. அது எப்படின்னு எழுதிக் குடுங்க. நம்ம ஆபீஸ் மலர்ல போடலாம்."

இதை நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். பாராட்டு வாங்கிக்கொள்ளும் பாதியை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். எழுதுவது என்று உட்கார்ந்த பிறகு பாதியோடு நிறுத்த மனம் வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது டிரங்க் போர்டில், ஆபரேட்டராக. காதில் ஹெட்போன், எதிரே ஓட்டைகள் நிறைந்த பலகை, கை நிறைய வயர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அப்போது எங்களைத்தான் கேட்க வேண்டும். பிறகு ஜனங்கள் தாங்களே நேராக டயல் செய்யும் வசதி வந்தது, எங்கள் பலகையை மூடினார்கள், கொஞ்சம் பயிற்சி கொடுத்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பினார்கள். எனக்கு பவர் ரூம் விழுந்தது. விழுந்தது என்றுதான் அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள், துக்கம் விசாரிக்கிற குரலில்.

பவர் ரூம் முதல் மாடியில் இருந்தது. இடுப்பளவு உயரமுள்ள பேட்டரி கலங்கள், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட், இரண்டு வரிசையாக நிற்கும். மின்சாரம் இருக்கும்வரை அவை சார்ஜில் சும்மா இருக்கும். போனவுடன், ஒரு கண் சிமிட்டல்கூட இல்லாமல், மொத்த எக்ஸ்சேஞ்சையும் தோளில் வாங்கிக்கொள்ளும். உங்கள் வீட்டில் விளக்கு அணைந்த பிறகும் பழைய வயர் போன் வேலை செய்ததே, அது இந்தக் கலங்களின் உபயம்.

காலையில் வந்ததும் முதல் வேலை, கலத்து ஆசிட்டின் அடர்த்தி பார்ப்பது. ரப்பர் பந்து வைத்த கண்ணாடிக் குழாயால் ஆசிட்டை உறிஞ்சினால், உள்ளே ஒரு மிதவை எழும்பி நிற்கும். அது நிற்கிற உயரத்தைக் கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பிறகு வெப்பநிலை பார்த்து அந்தக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும், மறந்தும் ஆசிட் ஊற்றக் கூடாது. மேலே உள்ள இணைப்புகளைத் துடைத்து வாசலின் தடவ வேண்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு சொட்டு எங்காவது தெறிக்கும். என் காட்டன் புடவைகள் எல்லாவற்றிலும் கொசுவம் பக்கம் பொடிப்பொடியாக ஓட்டை இருக்கும். பக்கத்து வீட்டு அம்மாள் பல வருஷம் எனக்கு அந்துருண்டை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மேலதிகாரி வரதராஜன் சார். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்திலேயே பரம்பரை வீடு. நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, முழுக்கை சட்டை, சட்டைப் பையில் நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டை. பெருக்குகிற முனியம்மாவிலிருந்து தலைமை அதிகாரி வரை எல்லோருக்கும் ஒரே 'வாங்கோ, பாருங்கோ'தான். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அப்போதுதான் நமக்குக் குலை நடுங்கும். பௌதிகம் படித்தவர். அதில் வெப்பத்தைப் பற்றிய பாடம் என்றால் அவருக்கு உயிர். சங்கீத சபாவுக்குப் போய்வந்த மறுநாள் மற்றவர்கள் பாட்டைப் பற்றிப் பேசுவார்கள், இவர் சபாவில் ஏ.சி. எப்படி வேலை செய்தது என்பதைப் பற்றிப் பேசுவார்.

நான் சேர்ந்த புதிதில், ஒரு மே மாத மத்தியானம், சுவரைத் தொட்டுக் காட்டினார். சுவர் கொதித்தது.

"வசந்தா, இந்தக் கட்டடத்துச் செவுரெல்லாம் எவ்வளவு சூட்டை வாங்கி வெச்சுண்டிருக்கு பாத்தேளா? எல்லாத்தையும் கூட்டினா, நம்ம பேட்டரியில இருக்கறதைவிட எத்தனையோ மடங்கு ஜாஸ்தி. ஆனா அதை வெச்சுண்டு ஒரே ஒரு டெலிபோன் மணியை அடிக்க முடியுமோ?"

"முடியாது சார்."

"ஏன் முடியாது?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தெருவும் கொதித்துக்கொண்டிருந்தது. "வெளியவும் அதே சூடுதானே சார். அது எங்க போயி இன்னா பண்ணும்?" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவுதான் பாடம். சுத்தி இருக்கறதுக்கும் நம்மகிட்ட இருக்கறதுக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் வேலை நடக்கும். எவ்வளவு இருக்குங்கறது ஒரு கேள்வி. அதுல எவ்வளவு நமக்கு ஆகும்ங்கறது வேற கேள்வி. ஆகக்கூடியதுக்குப் பேருதான் ஃப்ரீ எனர்ஜி, கட்டிலா ஆற்றல். நமக்கு ரெண்டாவது கேள்விக்குத்தான் சம்பளம் குடுக்கறா."

அதன் பிறகு எந்தக் கலத்தைப் பற்றி நான் என்ன சொன்னாலும், "சரி, அதுல நமக்கு ஆகறது எவ்வளவு?" என்றுதான் கேட்பார். வீட்டுக்குப் போய் அரிசிப் பானையைத் திறந்தாலும் எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

மாதத்துக்கு ஒரு தடவை பேட்டரிகளுக்குப் பரீட்சை வைப்போம். சார்ஜரை நிறுத்திவிட்டு, வேண்டுமென்றே பாரத்தை அவற்றின் மேல் ஏற்றி, எவ்வளவு தாங்குகின்றன என்று பார்ப்பது. அப்போது சார் ஒவ்வொரு கலமாகப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போவார். உள்ளங்கை காய்ப்பு ஏறியது, அதற்குச் சூடு சரியாகத் தெரியாது என்பார். பாரம் அதிகமாக ஏற்றினால் கலம் வெதுவெதுப்பாகும். "இதோ, இது நம்ம கைக்கு வராம போன வேலை. கலத்துக்குள்ள இருந்தது கிளம்பித்து, ஆனா மணி அடிக்கப் போகலை, சூடாப் போயிடுத்து. இனிமே அதைப் பிடிச்சுண்டு வர முடியாது. அவசரப்பட்டுக் கேட்டா இப்படித்தான் பாதி வழியிலேயே தொலையும். கொஞ்சம் கொஞ்சமாக் கேட்டா, குடுக்க முடிஞ்ச உச்சத்துக்குக் கிட்ட குடுக்கும்."

இன்னொரு விஷயமும் அந்தப் பரீட்சையில்தான் கற்றுக்கொண்டேன். களைத்துப்போன பேட்டரியிலிருந்து பாரத்தை எடுத்தால், மீட்டர் முள் மெல்ல மேலே ஏறும். இறங்கிக் கிடந்தது, தானாகவே எழுந்து வரும். புதிதாக வந்தபோது நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்து ஏமாந்திருக்கிறோம், பேட்டரிக்கு மறுபடி தெம்பு வந்துவிட்டது என்று பாரத்தை ஏற்றிவிடுவோம். முள் முன்பைவிட வேகமாகக் கீழே விழும். "ஜுரத்துல படுத்திருக்கறவா எழுந்து சித்த உக்காந்தா உடம்பு தேறிடுத்துன்னு அர்த்தமா? கடைக்கு அனுப்பிப் பாருங்கோ, வாசல்லயே விழுவா" என்பார் சார். என் கைப்பேசி காட்டுகிற நாற்பதும் இந்த ரகம்தான்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் காதர் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது அடையாற்றின் கரையில் இருந்த குடியிருப்பில். எங்கள் தெரு முனையில் பாயின் மளிகைக் கடை. குடியிருப்புக்கே முதலில் போன் வந்தது அந்தக் கடைக்குத்தான். நான் டிரங்க் போர்டில் இருந்த நாட்களில், வீட்டுக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால் பாய் கடைக்குத்தான் போன் போடுவேன். அவர் கடையிலிருந்தே, "யக்கோவ், வசந்தா இன்னிக்கு வராதாம், சோறு வெக்காதே" என்று கத்துவார். எனக்கு அன்று டபுள் டூட்டி என்பது ஆற்றுக்கு அந்தக் கரைக்கும் தெரிந்துவிடும். பிள்ளை பிறந்த சேதிக்கும் சாவுச் சேதிக்கும் பாய் காசு வாங்க மாட்டார். எல்லோர் கையிலும் கைப்பேசி வந்த பிறகும் அந்த வயர் போனை அவர் எடுக்கவில்லை. கல்யாணமாகி எக்ஸ்சேஞ்ச் குவார்ட்டர்ஸுக்கு நான் வந்துவிட்ட பிறகும், நோன்புக் கஞ்சி ஒரு தூக்கில் எனக்கு வந்துகொண்டிருந்தது. பாயின் மனைவி மும்தாஜ் அக்காதான் பவர் ரூமுக்கே எடுத்துக்கொண்டு வருவார்.

வெள்ளத்தன்று காலை, ஆறு கரையை மீறிவிட்டது என்று தெரிந்தபோதே ஊரில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஜெனரேட்டர் கொல்லைப்புறத்தில், பள்ளமான இடத்துக் கொட்டகையில் இருந்தது. எட்டிப் பார்த்தால், கொட்டகையின் கூரை மட்டும்தான் தெரிந்தது. டீசல் லாரி வேளச்சேரி பக்கமிருந்து வர வேண்டும். வேளச்சேரியில் அப்போது படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக வாயை மூடின. அந்தப் பக்கத்தில் பேச்சு மூச்சோடு இருந்தது எங்கள் வயர் போன்கள் மட்டும்தான். ஆஸ்பத்திரிகள், தீயணைப்பு நிலையம், போலீஸ், படகு கேட்கிற கட்டுப்பாட்டு அறை எல்லாமே எங்கள் கலங்களின் தோள் மேல் இருந்தன.

அலுவலகத்தில் நானும் சாரும் வாட்ச்மேனும்தான். மற்றவர்கள் வந்து சேர முடியவில்லை. சார் புறங்கையால் கலங்களைத் தொட்டுக்கொண்டே வரிசை முழுவதும் நடந்தார். திரும்பி வந்து சொன்னார்: "பாதி ரேக்கை இப்பவே நிறுத்திடலாம், வசந்தா."

ரேக் என்பது சந்தாதாரர்களின் இணைப்புகளை வைத்திருக்கிற இரும்பு அலமாரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபியூஸ். அதை உருவினால், அந்த அலமாரியில் இருக்கிற அத்தனை வீட்டு போன்களும் ஊமையாகிவிடும்.

"இப்பவேவா சார்? வோல்ட்டேஜ் நல்லாத்தானே இருக்கு?"

"நன்னா இருக்கறச்சேயே எடுத்தாத்தான் பிரயோஜனம். தளர்ந்தப்புறம் எடுத்தா, தொலைஞ்சது தொலைஞ்சதுதான். இந்தப் பாரத்தோட விட்டா சாயங்காலம் தாண்டாது. பாதியாக் குறைச்சா ரெட்டிப்புக்கு மேலயே வரும். நாளைக்குக் காலம்பர வரைக்கும் ஆஸ்பத்திரி லைன் இருக்கணுமோ இல்லையோ?"

எந்த ரேக்குகள் என்று அவர் ஏற்கனவே முடிவு செய்திருந்தார். ஆஸ்பத்திரி, போலீஸ் இருக்கிற ரேக்குகளைத் தொட முடியாது. ஆற்றங்கரை ஓரத்து ரேக்குகளில் பாதிக்கு மேல் இணைப்புகள் செத்துவிட்டிருந்தன, கேபிள் தண்ணீருக்குள் கிடந்தது. உயிரோடு இருந்தவை கொஞ்சம்தான். ஆனால் பத்துப் பேர் பேசினாலும் ஆயிரம் பேர் பேசினாலும் ரேக் குடிக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் முதலில் அவைதான். அந்தக் கொஞ்சத்தில் பாய் கடை போனும் ஒன்று. அது உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், காலையில் அவர் அதிலிருந்துதான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

அந்த ஒரு நம்பரை மட்டும் வேறு ரேக்குக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டேன். மாற்றலாம். மாற்றத் தெரிந்தவர் வேளச்சேரியில் தன் வீட்டு மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார். சார் என் முகத்தைப் பார்த்தார். யார், என்ன என்று விசாரிக்கவில்லை.

"போன் போட்டுச் சொல்லிட்டு வாங்கோ. அதுக்கப்புறம் எடுக்கலாம். நான் காத்துண்டிருக்கேன்."

போட்டேன். முதல் மணியிலேயே பாய் எடுத்தார். பின்னால் ஒரே கூச்சல்.

"இன்னா வசந்தா, அங்க எல்லாம் நல்லா கீதா? இங்க தண்ணி படிக்கு வந்துகினு கீது."

"பாய், நான் சொல்றதக் கேளுங்க. இந்த போனு இன்னும் கொஞ்ச நேரத்துல நின்னுடும். நிறுத்தப் போறோம். எல்லாரையும் கூட்டிக்கினு மேட்டுல இருக்குற ஸ்கூலுக்கு இப்பவே போயிடுங்க."

"போனு நின்னுடுமா? எக்ஸ்சேஞ்சு போனு சாவாதுன்னு நீதானே சொல்லுவே?"

அவரே தொடர்ந்தார். "சரி, வுடு. உங்க அக்கா ராயப்பேட்டையில பொண்ணு வூட்ல கீறா. அவளாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் கிளம்பறேன். ஜனங்க வேற போனு பண்ணணும்னு வந்துகினே கீறாங்க."

"வேணாம் பாய். யாருக்கும் போன் பண்ண வேணாம். இப்பவே கிளம்புங்க. அக்காவுக்கு நான் சொல்லிடறேன்."

"சரிம்மா. கிளம்பறேன். நீ ஒண்ணும் கவலப்படாத."

ராயப்பேட்டைக்கு நான் போட்டேன். ஊரே ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், மறுபடி மறுபடி பிஸி சத்தம்தான் வந்தது. சார் காத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் ஃபியூஸை உருவினேன். சின்னப் பொருள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்த ரேக்கின் பச்சை விளக்குகள் மேலிருந்து கீழாக அணைந்தன. அடுத்தடுத்த ரேக்குகளையும் நானே நிறுத்தினேன். சார் செய்கிறேன் என்றார், நான் விடவில்லை.

மீட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தேன். முள் ஏற ஆரம்பித்தது.

இருபது வருஷம் அந்த முள்ளோடு பழகியவள். அது ஏன் ஏறுகிறது, எதனால் அதை நம்பக் கூடாது என்று எனக்குக் கீழே வந்த எல்லோருக்கும் பாடம் எடுத்தவள். அன்றைக்கு அந்த முள் ஏற ஏற, என் நெஞ்சுக்குள் யாரோ பேசினார்கள். பார், தேறிவிட்டது. ஒரே ஒரு ரேக்தானே, போட்டுவிடு. கொஞ்ச நேரத்துக்கு மட்டும் போடு, அவர் கிளம்பிவிட்டாரா என்று கேட்டுவிட்டு மறுபடி எடுத்துவிடலாம். ஃபியூஸ் இன்னும் என் கையில்தான் இருந்தது. பத்தடி நடந்தால் போதும். பொய் என்று தெரிந்த ஒன்றை அவ்வளவு ஆசையாக நான் வாழ்க்கையில் நம்ப விரும்பியதில்லை.

நான் எழுந்துவிட்டேன் என்பது, சார் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. என்னைத் தடுக்கவில்லை. ஃபியூஸைக் கேட்கவும் இல்லை. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மடிப்புப் பிரித்து, மீட்டரின் முகத்தின் மேல் தொங்கவிட்டார்.

"மணிக்கு ஒரு தரம் தூக்கிப் பாத்தாப் போறும். நடுவுல பாக்காதீங்கோ. நானும் பாக்கலை" என்றார்.

அந்த 'நானும்' எதற்கு? அவருக்கும் அந்தக் கரையில் யாராவது இருந்தார்களா, இல்லை எனக்காகவா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. இனி கேட்கவும் முடியாது, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கலங்கள் எங்களைக் கைவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தன. புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், வரிசை முழுவதும் சில்லென்று இருந்தது. எதுவும் வழியில் தொலையவில்லை. மறுநாள் காலையில் ராணுவ லாரி ஒன்று ஜெனரேட்டரோடு வந்து நிற்கும்வரை ஆஸ்பத்திரி லைன்கள் ஒரு நொடிகூட அறுபடவில்லை. அந்த லைன்களில் போன செய்திகளால் எத்தனையோ பேர் கரையேறினார்கள். ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்சிஜன் கேட்டுப் பேசிய டாக்டர், பிறகு நேரில் வந்து எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். சால்வை போட்டார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். நான் எப்போதும் சொல்லுகிற பாதி இதோடு முடிகிறது.

தண்ணீர் வடிந்ததும் கரைக்குப் போனேன். கடையின் ஷட்டர் உள்பக்கமாக வளைந்திருந்தது. பின்சுவர் இல்லை. எங்கள் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டு அஞ்சலை, சேற்றை வாரிக்கொட்டிக்கொண்டே சொன்னாள். பாய் எல்லோரையும் ஸ்கூலுக்கு அனுப்பிவைத்தாராம். ஆனால் போனைத் தேடி ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்களாம். யாராவது வந்து நின்றால், "போனு இல்ல, ஸ்கூலுக்குப் போங்க" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா என்று அங்கேயே நின்றாராம். மத்தியானத் தொழுகை நேரத்துக்குப் பிறகு சுவர் அவர் மேல் விழுந்தது.

அந்த போன் உயிரோடு இருந்திருந்தால் அவர் ஒரு படகைக் கூப்பிட்டிருப்பாரா? இல்லை, ஒவ்வொருவராகப் பேசவிட்டு இன்னும் அதிக நேரம் அங்கேயே நின்றிருப்பாரா? இரண்டையும் நான் பல வருஷம் யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. அந்த ஃபியூஸை எடுத்தது சரி என்பது மட்டும் தெரியும். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் எடுப்பேன். சரியாகச் செய்தேன் என்பதற்காக மனசு சும்மா இருந்துவிடுமா என்ன? அடக்கத்தன்று பள்ளிவாசல் தெருவின் கடைசியில் நின்றுவிட்டு, மும்தாஜ் அக்காவின் கண்ணில் படாமலேயே திரும்பி வந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அக்காவே எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். வாட்ச்மேன் மாடிக்கு அழைத்து வந்தான். கலங்களுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். டீ வரவழைத்தேன், தொடவில்லை. கையில் தூக்கு இல்லாமல் அவரை அந்த அறையில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

"வசந்தா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். "போனு ஆபீஸ்ல வேல செய்யறவ, உனக்குத்தான் தெரியும்."

கேளுங்கக்கா என்றேன்.

"அன்னிக்கு மத்தியானம் நான் பாலும் ரொட்டியும் கெடைக்குமான்னு கீழ எறங்கிப் போயிட்டேன். பொண்ணும் மாடி வூட்ல இருந்திச்சி. வந்தப்புறம் எதிர் வூட்டுப் பொண்ணு சொல்லிச்சி, உங்க வூட்டு போனு அடிச்சிகினே இருந்திச்சின்னு. ரொம்ப நேரம் அடிச்சிச்சாம். நின்னு நின்னு அடிச்சிச்சாம்." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். "அவருதானே? கடைசியா என்னக் கூப்ட்டிருக்காரு. நான் எடுக்கல. தூங்கவே முடியல வசந்தா. கண்ண மூடுனா மணி அடிக்குது."

இப்படி ஒரு கேள்விக்குப் பயந்துதான் நான் அன்று தெருக்கோடியில் ஒளிந்திருந்தேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவில்லை. எனக்குத் தெரியாதுக்கா என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். கதவருகே வந்த சார், எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"அது பாய் இல்லக்கா" என்றேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மத்தியானம் அந்த போன்ல உயிரு இல்ல. காலையிலயே நின்னுடுச்சி. நான்தான் நிறுத்தினேன். இந்தக் கையால. ஆஸ்பத்திரிக்கு கரண்டு மிச்சம் புடிக்கணும்னு, கரை ஓரத்து லைன் எல்லாத்தயும் நான்தான் எடுத்தேன். நிறுத்தறதுக்கு முன்னாடி அவருகிட்ட சொன்னேன். உங்களுக்கு அவரு போன் போடறேன்னாரு, நான்தான் வேணாம், கிளம்புங்கன்னேன். உங்களுக்கு நானே சொல்லிடறேன்னு சொன்னேன். போட்டேன், கிடைக்கல. அதுக்கப்புறம் அந்த போன்லேர்ந்து யாரும் யாரையும் கூப்ட்டிருக்க முடியாதுக்கா. அன்னிக்கு உங்க வூட்ல அடிச்ச மணி வேற யாரோ."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராகத்தான் இருந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்னவோ மெதுவாக இறங்கியது.

"அப்ப அவரு கூப்டல."

"கூப்ட முடியாதுக்கா."

"கூப்ட்டு, நான் எடுக்காம இல்ல."

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"யா அல்லா" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கை நீட்டி, ஃபியூஸை உருவிய என் வலது கையைப் பிடித்து, தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"போனு நின்னுடுச்சின்னு இன்னொரு வாட்டி சொல்லு வசந்தா."

நான் இன்னொரு தடவை சொன்னேன்.